தண்ணீரில் எதையும் போடாதவர்

மசினகுடியில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும்? யானை, அஸ்தமனம், மூடுபனி, எதுவானாலும் அதே கேள்வி. நானும் சளைக்காமல் சொல்வேன். அந்த வளைவு தாண்டி நில்லுங்கள், இல்லை இல்லை, இன்றைக்கு மேகம் இருக்கிறது, பாலத்துக்குப் போய்விடுங்கள். சொல்லிச் சொல்லி அது எனக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊட்டி பஸ்ஸில் ஏறினால் எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யோசித்து உட்கார்வேன். பாதி வழியில் எழுந்து அடுத்த பக்கம் மாறுவேன். மாறியதும் விட்டுவந்த ஜன்னலில்தான் ஏதோ நடக்கிறது என்று தோன்றும்.

ஆகவே அம்மா வாய் திறந்து ஒன்றைக் கேட்டபோது நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மஞ்சூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு என் போனை வாங்கி ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தாய்லாந்தில் எடுத்தது. ஆற்றங்கரையில் வயதான ஒரு கணவனும் மனைவியும் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் கையும் சேர்ந்து ஒரு இலைத் தட்டைப் பிடித்திருக்கிறது. தட்டில் பூ, ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி. குனிந்து தண்ணீரில் விடுகிறார்கள். அது போகிறது. மேலே வானம் முழுக்கக் காகித விளக்குகள். அம்மா மேலே பார்க்கவே இல்லை.

"இது ரெண்டு பேரும் சேந்துதான் விடோணுமா?" என்றாள்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. தனியாவும் விடலாம்."

"சேந்து விடலாமில்ல?"

"விடலாம்."

"அப்ப அங்க போலாம். உங்கப்பாதான் ரிட்டயர் ஆயிட்டாருல்ல."

அவ்வளவுதான் பேச்சு. இதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் குந்தா பக்கம் நீர்மின் நிலைய வேலை. அணையிலிருந்து தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாகப் போகிற வாயில் பெரிய கம்பித் தடுப்பு ஒன்று இருக்கும். அதில் வந்து மாட்டுகிற இலை, கிளை, செருப்பு, பாட்டில் எல்லாவற்றையும் நீளக் கம்பில் கொக்கி வைத்து இழுத்து மேலே போடுவதுதான் அவருடைய ஷிப்ட். கார்த்திகை என்றால் எங்கள் பக்கம் மழை. மழை என்றால் குப்பை. குப்பை என்றால் அப்பா வீட்டில் இல்லை. நான் பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபத்துக்கு அம்மா தனியாகத்தான் வாசலில் விளக்கு வைத்தாள். மின்நிலையத்துக் குடியிருப்பான எங்கள் கேம்ப்பில் மற்ற வீட்டு ஆண்கள் தத்தம் வாசலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். அம்மா காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, அணையும் திரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொளுத்துவாள்.

ஒரே ஒரு விளக்கு, அவரோடு சேர்ந்து. அதற்காகக் கடல் தாண்டலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணியிலயா விடறது?"

ஆமாம் என்றோம். அவர் மங்கி கேப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

எங்கே போவது என்று நான் ராத்தூக்கம் இல்லாமல் திரிந்தேன். நவம்பர் பௌர்ணமியில் தாய்லாந்து முழுக்கத் தண்ணீரில் விளக்கு விடுகிறார்கள். லோய் கிராத்தோங் என்று பெயர். கிராத்தோங் என்றால் அந்த இலைத் தட்டு. சுகோத்தாயில் பழைய ராஜ்ஜியத்து இடிபாடுகளுக்கு நடுவே குளங்கள், அங்கே விடலாம். தாக் என்று ஓர் ஊரில் தேங்காய்ச் சிரட்டையில் திரி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக விட, ஆற்றில் ஒரே நீளக்கோடாக ஒளி போகுமாம். பாங்காக்கில் பெரிய ஆறு, பெரிய கூட்டம். வடக்கே சியாங் மாய் ஊரில் மட்டும் தண்ணீரிலும் விளக்கு, வானத்திலும் விளக்கு. வானத்தில் விடுவதற்கு அங்கே யீ பெங் என்று தனிப்பெயர். சுகோத்தாய் என்று முடிவு செய்தேன். மறுநாள் தாக். அதற்கும் மறுநாள், சியாங் மாயையும் சேர்த்து மூன்று இடத்துக்கும் போக முடியுமா என்று பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சியாங் மாய் என்று டிக்கெட் போட்டேன். போட்ட அன்று மாலையே சுகோத்தாய் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

ஊருக்கு வெளியே டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நொடியில் வான விளக்கு விடும் மைதானங்களும் உண்டு. அதைச் சொன்னபோது அம்மா, "டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு சாமி கும்பிடறதா? சினிமாக் கொட்டாயா அது?" என்றாள். அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

ஊட்டியிலிருந்து பெங்களூர் பஸ், பெங்களூரிலிருந்து விமானம். அம்மா ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள். வெளியூர் என்றால் குளிர் இருக்கும் என்பது மலைக்காரர்களின் கணக்கு. சியாங் மாயில் இறங்கியதும் வியர்வை. அந்த ஊர்க்காரர்களோ குளிர்காலம் வந்துவிட்டது என்று ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போனார்கள். மங்கி கேப்பைச் சுருட்டிப் பையில் வைத்த அப்பா, "இவிய வந்து நம்மூர்ல ஒரு ஜனவரி இருந்து பாக்கோணும்" என்றார். பயணத்தில் அவர் சிரித்துச் சொன்ன முதல் வாக்கியம் அது.

விழா மூன்று நாள். மூன்று மாலைகள் கையில் இருந்தன.

முதல் மாலை, கோட்டைச் சுவரின் பழைய வாசலில் தொடங்கினோம். அகழியை ஒட்டி வண்ணக் காகித விளக்குகள் தோரணமாகத் தொங்கின. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றுப் பாலத்தில் இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பாலத்துக்குப் போனோம். பிங் ஆறு அகலமாக, மெதுவாக ஓடியது. இரண்டு கரையிலும் ஜனம். காகித விளக்குகள் தலைக்கு மேல் எழும்பி, ஒன்றோடொன்று முட்டி, விலகி, சின்னதாகிக்கொண்டே போயின. பார்த்த கையோடு, அக்கரைக் கோயில் படித்துறையிலிருந்து பார்த்தால் இந்தப் பாலமும் சேர்ந்து தெரியுமே என்று நினைத்தேன்.

"வாங்க, வாங்க. அந்தப் பக்கம் போயிரலாம்."

"இங்கயே நல்லாத்தான கண்ணு இருக்குது," என்றார் அப்பா.

"அங்க இன்னும் நல்லா இருக்கும்ப்பா."

படித்துறையில் நிற்க இடமில்லை. அங்கிருந்து இன்னொரு கோயில். அங்கே குளத்தைச் சுற்றித் தீபம் ஏற்றுகிறார்கள் என்று படித்திருந்தேன். போனால் வாசலில் நீளமான வரிசை. வரிசையில் நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பப் பாலம். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா நடந்துகொண்டே மேலே பார்த்தபடி வந்தார். அழகை ரசிக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

"இதெல்லாம் எங்க போயி உழுகும்?" என்றார்.

"காத்துல எங்கயாவது போகும்ப்பா."

"எங்கயாவதுன்னு ஒரு ஊரு இருக்குதா?"

அன்று கிராத்தோங் விடவில்லை. நாளைக்கு நிதானமாக விடலாம் என்றேன். அம்மா தலையாட்டினாள்.

இரண்டாம் நாள் காலை, நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரில் கிராத்தோங் விற்கும் பெண்மணியிடம் அம்மா போய் உட்கார்ந்தாள். வாழைமரத்தை வட்டமாக நறுக்கி அடித்தட்டு. சுற்றிலும் வாழையிலையைக் கூம்பு கூம்பாக மடித்து ஊசியால் குத்த வேண்டும். எங்கள் உயரத்தில் வாழை வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் கூரையில் ஏறி வருகிற இலையைப் பந்திக்கு விரித்துத்தான் எங்களுக்குப் பழக்கம். ஆனாலும் அம்மாவின் கை தையல்காரி கை. இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவை மடித்தாள். விற்கிற பெண்மணி அதை வாங்கிப் பார்த்து, தான் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏதோ சொல்லி அம்மாவின் தோளில் தட்டினாள். பாஷை தெரியாமலே இருவரும் வெகுநேரம் நாயம் பேசினார்கள். அம்மா தமிழில் எங்கள் கேம்ப்பைப் பற்றிச் சொன்னாள். அந்தம்மா தன் மொழியில் எதைச் சொன்னாளோ.

எழும்போது அந்தம்மா கத்தரிக்கோலைக் காட்டி, ஒரு மயிரிழையோ நகத்துணுக்கோ வெட்டி உள்ளே வைக்க வேண்டும் என்று ஜாடை செய்தாள். பிடித்த பீடையெல்லாம் அதோடு போய்விடுமாம்.

அப்பாவுக்கு அதிர்ச்சி. "முடியா? ஏ புள்ள, கம்பியில சுத்துனா கழட்டவே முடியாதது அந்த முடிதான். நகம் வேணா வை."

"இங்க என்னங்க கம்பி இருக்குது?" என்றாள் அம்மா.

மதியம் முழுக்க அந்தக் கிராத்தோங் அறையில் ஈரத்துணிக்கு அடியில் இருந்தது. நான் வரைபடத்தில் இருந்தேன். முதல் நாள் எல்லா இடத்திலும் நான் கண்டது தலைகளைத்தான். எனவே எனக்கு ஒரு வழி பளிச்சென்று பட்டது. மலை. ஊரை ஒட்டியே ஒரு மலை, அதில் கோயில், போகிற வழியில் ஊரைப் பார்க்கும் முனை. எங்களுக்கு எதைப் பார்ப்பதென்றாலும் மேலே ஏறுவதுதானே வழக்கம். கோயம்புத்தூரைக்கூட நாங்கள் முதலில் மேலிருந்துதான் பார்க்கிறோம். விளக்குகள் எழும்பி நம் கால் உயரத்துக்கு வரும், கீழே ஆறு தங்கக் கம்பியாகத் தெரியும் என்றேன். பார்த்துவிட்டு இறங்கி வந்து கிராத்தோங்கை விட்டுவிடலாம்.

சிவப்பு நிற வேன் ஒன்றில் பின்னால் ஏறினோம். அம்மா கிராத்தோங்கை மடியில் வைத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டது போல நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். எதிரில் இருந்த வெள்ளைக்காரப் பையன் பாலித்தீன் கவரைத் தேடினான். அம்மா தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்து மூக்கைக் காட்டினாள்.

முனையில் இறங்கிப் பார்த்தோம்.

ஊர் தெரிந்தது. ஊர் என்றால் ஊரின் எல்லாத் தெருவிளக்கும். அதற்கு மேல் சாம்பலாக ஒரு புகைப்படலம், அதற்குள் ஆரஞ்சுப் பொட்டுகள் சில. ஆறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மேலிருந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீரும் கறுப்பு மரமும் ஒன்றுதான். மிதக்கிற விளக்கு ஒன்றுகூடக் கண்ணுக்குப் படவில்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "இதைத் தொட்டபெட்டாவுல நின்னே பாத்திருக்கலாமே. மேட்டுப்பாளையம் இப்படித்தான் இருக்கும்."

இறங்கும் வழியில் வண்டிகள் நின்றுவிட்டன. ஊர் முழுக்க ஏறுகிறது, இறங்குகிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து காலை வெளியே தொங்கப் போட்டார். நான் இறங்கி நடந்து முன்னால் போய் என்ன அடைப்பு என்று பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அப்பா, "நீ போயிப் பாத்தா வண்டி நகுந்துருமா? உக்காரு கண்ணு" என்றார். அம்மாவின் மடியில் இலைக் கூம்புகள் ஓரம் கறுத்துச் சுருண்டன. செவ்வந்தி தலை தொங்கியது. நாங்கள் கீழே வந்தபோது கரையில் ஜனம் கலைந்துகொண்டிருந்தது. அம்மா தன் கிராத்தோங்கை ஒரு முறை பார்த்தாள்.

"வாடுனதைச் சாமிக்கு வைக்கக் கூடாது," என்றாள்.

விடுதிக்குத் திரும்பினோம். படுக்கும் முன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது எனக்குத்தான் என்று தெரியும். "இத்தனை வருசம் உங்கப்பா ஒரு இடத்துல நின்னாரு, நான் ஒரு இடத்துல நின்னேன். இப்ப ரெண்டு பேரையும் ஒரு இடத்துல நிக்க உடாம நீ ஓட்டறே."

மூன்றாம் நாள், அதாவது கடைசி நாள், நான் வரைபடத்தைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது நடப்பதைவிடக் களைப்பாக இருந்தது. அம்மா மறுபடியும் அந்தப் பெண்மணியிடம் போய்ப் புதிதாக ஒன்று செய்தாள். முந்தையதைவிடச் சின்னது, கச்சிதமானது. பொழுது சாய்வதற்கு முன்பே பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கரையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். மூங்கிலில் கட்டிய தற்காலிகப் படிக்கட்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. இருட்டத் தொடங்கியதும் ஜனம் வரிசையாக இறங்கி விட்டுவிட்டு ஏறினார்கள். ஆறு முழுக்கச் சின்னச் சின்னச் சுடர்கள் தயங்கித் தயங்கி நகர்ந்தன.

எங்கள் முறை வந்தது. இருவரும் கடைசிப் படியில் குந்தினார்கள். அம்மா ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் கொளுத்தினாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அப்பா மறுபக்கத்தைப் பிடித்தார். நான் மேல்படியிலிருந்து போனைத் தூக்கினேன்.

தட்டு தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"உடுங்க," என்றாள் அம்மா.

"ம்."

"ஏனுங்க, உடுங்க. பின்னாடி ஆளுக நிக்கறாங்க."

அப்பாவின் கை இறங்கவில்லை. பிடிவாதம் இல்லை. முகத்தைப் பார்த்தேன், அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கள் கேம்ப்பில் அவருக்குத் தண்ணி போலீஸ் என்றுதான் பெயர். நான் விட்ட காகிதக் கப்பலைக் கால்வாய் ஓரமாகவே ஓடிப் பிடித்து என் சட்டைப் பையில் திரும்ப வைத்தவர். பிள்ளையாரைக் கரைக்க அணைக்கு வருகிறவர்களை வழிமறித்து, பக்கெட்டில் கரைத்துச் செடிக்கு ஊற்றச் சொல்லி ஓரியாட்டம் இழுத்தவர். அந்தக் கை இப்போது, தண்ணீருக்கு மேலே பூவோடும் இலையோடும், திறக்க மாட்டேன் என்கிறது.

"வாழைமரந்தான்ப்பா. மக்கிப் போயிரும்," என்றேன் மேலிருந்து.

"மக்கும். மக்கறதுக்கு முன்னாடி அடைக்குமில்ல."

"எங்கப்பா அடைக்கும்? இது ஆறுப்பா, டனல் இல்ல."

"எத்தனை போவுது பாரு." அவர் ஆற்றைப் பார்த்தார். எல்லோரும் சுடர்களைப் பார்த்த ஆற்றில் அவர் சுடருக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார். "இம்புட்டும் எங்கயோ போயி நிக்கோணுமில்ல. அங்க ஒருத்தன் நிப்பானில்ல."

பின்னால் ஒரு இளம் ஜோடி பொறுமையாகப் புன்னகைத்தபடி காத்திருந்தது. அம்மா அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். அவருடைய பக்கத்திலிருந்து தட்டை மெதுவாக உருவித் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"சரி உடுங்க. வேண்டாம்."

"நீ உடு புள்ள. நான் பக்கத்துல நிக்கறேன்."

"தனியா வைக்கறதுக்கு எனக்கு எங்கூட்டு வாசலே இருக்குது," என்று சொல்லிவிட்டு அம்மா படியேறினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேலே வந்து ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா இல்லை.

"எங்கம்மா?"

"அக்கட்டால போனாரு." ஆறு போகும் திசையைக் காட்டினாள். "நீயும் போவியே, போ."

போனேன். இத்தனை நாள் நான் இழுத்து இழுத்து நடத்திய மனிதர் இப்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரையை ஒட்டியே, தண்ணீரைப் பார்த்தபடி, ஷிப்டுக்குப் போகிற நடை. விளக்கலங்காரம் முடிந்தது. கடைகள் முடிந்தன. ஒரு சந்தையின் பின்புறம் வந்தது. மீன் வாடை. காலி பெட்டிகள். தெருநாய் ஒன்று எழுந்து, எங்களைப் பார்த்து, வேண்டாம் என்று படுத்துக்கொண்டது. எனக்குப் பாலத்துப் பக்கம் என்ன நடக்கிறதோ என்று இருந்தது. அங்கே ஏதோ ஆரவாரம் கேட்டது. திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆறு வளைகிற இடத்தில் அப்பா நின்றுவிட்டார்.

ஆற்றின் குறுக்கே பாதிவரை மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். அதில் கிராத்தோங்குகள் வந்து முட்டி முட்டிச் சேர்ந்திருந்தன. ஒரு தட்டைப் படகில் இரண்டு பேர், கரையில் இரண்டு பேர். நீளக் கம்பில் வலை கட்டி அள்ளுகிறார்கள். அள்ளியதைக் கரையில் கொட்டுகிறார்கள். கரையில் அது ஒரு குன்றாக இருந்தது. வாழையிலை, செவ்வந்தி, ஈர ஊதுபத்திக் குச்சி. குன்றின் உச்சியில் இரண்டொரு மெழுகுவர்த்தி இன்னும் அணையாமல் எரிந்தது.

அப்பா அதைப் பார்த்து நின்ற விதத்தை நான் எங்கள் விருந்தினர்களிடம் பார்த்திருக்கிறேன். யானை திடீரென்று வெளியே வந்து நிற்கும்போது அப்படித்தான் நிற்பார்கள்.

"இங்க நிக்கறாங்க பாரு," என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "போயி உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. ஓடு" என்றார். ஓடு என்று என்னிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

அம்மா வந்தாள். மூக்கைப் பொத்தினாள். சுற்றிலும் பார்த்தாள். காலி மீன் பெட்டிகள், நாய், குப்பைக் குன்று. "இங்கயா?" என்றாள்.

"இங்கதான்." அப்பா கரையில் ஒரு கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதில் அம்மாவுக்கு இடம் காட்டினார். "இங்க உட்டா அந்தா, அங்க எடுத்துருவாங்க. ஒரு வெசனமும் இல்ல."

"நான் உடறது அவரு எடுக்கறதுக்கா?"

"எப்படியும் ஒருத்தரு எடுக்கோணும். அது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு உடலாமில்ல."

அம்மா அவரை முறைத்தாள். முறைப்பு பாதியில் தளர்ந்தது. கல்லில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த கிராத்தோங்கின் கூம்புகளை நிமிர்த்தினாள். தீப்பெட்டி என்னிடம் இருந்தது. காற்றுக்கு அப்பா முதுகைக் கொடுத்து நின்றார். ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.

இரண்டு பேரும் குனிந்தார்கள். இந்தத் தடவை தட்டு நடுவில் நிற்கவில்லை. நேராகப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. அப்பாவின் விரல் நுனி நனைந்தது, அவர் எடுத்துவிட்டார். கிராத்தோங் ஒரு சுற்றுச் சுற்றி, எங்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல் நின்று, நகர்ந்தது.

போகிற தூரம் ரொம்ப இல்லை. மூங்கிலை நெருங்கியதும் படகில் இருந்தவர் வழக்கம்போல வலையை நீட்டினார். நீட்டியவர் கரையில் எங்களைப் பார்த்தார். இப்படி ஓர் இடத்தில் வந்து யாராவது விடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வலையைத் தூக்கி நிறுத்திக்கொண்டார். எங்கள் விளக்கு மூங்கிலில் வந்து முட்டியது. எரிந்துகொண்டு அங்கேயே ஆடியது. அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளினார், அதை விட்டுவிட்டு.

"எடுக்கச் சொல்லு கண்ணு. நமக்காக நிறுத்த வேண்டாம்," என்றார் அப்பா.

"சித்த நேரம் இருக்கட்டுமுங்க," என்றாள் அம்மா.

இருந்தது. மெழுகு உருகி இலைக்கு வரும்வரைக்கும் இருந்தது. நான் படம் எடுத்தேன். படத்தில் மீன் பெட்டியும் வந்தது. கொஞ்சம் வலப்பக்கம் போனால் நிலா தண்ணீரில் விழுவதும் சேர்ந்து வரும் என்று போனேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா எழுந்திருந்தார். கரையில் சாத்தி வைத்திருந்த இன்னொரு வலைக் கம்பு அவர் கையில். கரையில் இருந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே இடம் விட்டு ஒதுங்கினார். அப்பா கம்பின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு காலை முன்னால் வைத்தார்.

"ஏனுங்க," என்றாள் அம்மா, கல்லில் உட்கார்ந்தபடியே. "இங்கயும் ஷிப்டா?"

அப்பா கம்போடு நின்றார். தண்ணீரைப் பார்த்தார், அடைத்து நின்ற கிராத்தோங்குகளைப் பார்த்தார். கம்பை எடுத்த இடத்திலேயே சாத்தினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே நெருக்கி உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரு கண்ணு. பொழுதுக்கும் நின்னுக்கிட்டே இருக்கறே," என்றாள் அம்மா.

அங்கிருந்து வானத்து விளக்குகள் பாதிதான் தெரிந்தன. சந்தையின் கூரை மறைத்தது. கூரைக்கு அந்தப் பக்கம் போனால் முழுக்கத் தெரியும். அதைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்.